போகிக்கு லீவு போடாதவள்

பச்சை. இன்னும் பச்சைதான். ஆறு மணிக்கும் பச்சை, ஆறு ஐந்துக்கும் பச்சை. நல்லது, அப்படியே இரு தாயே, நிறம் மாறிவிடாதே. இந்த வானிலை ரேடார் திரையைப் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன், இவ்வளவு ஆசையாக ஒருநாளும் பார்த்ததில்லை. வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான். பச்சை என்றால் துறைமுகத்துக்குக் கப்பல் வருகிற கடல் வாய்க்காலில் மூடுபனி இல்லை, கப்பல் வரலாம். சிவப்பு என்றால் பனி, கப்பல் வெளியே நிற்க வேண்டும். இதே கட்டம் மூன்று கிலோமீட்டர் வடக்கே துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் ஆள் உயரப் பலகையாகத் தொங்குகிறது, இன்றைக்குச் சாமந்தி மாலைகூடப் போட்டிருப்பார்கள். மாலைக்குப் பக்கத்தில் டாக்டர் தணிகாசலம் நிற்பார், வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, மேலே பார்த்த மாதிரி ஒரு சிரிப்பு. அவருக்குப் பக்கத்தில் டெல்லியில் பெரிய நாற்காலியில் இருக்கும் அந்தக் காரைக்குடிக்காரர். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வழியில் இறங்கி, மூடுபனியைக் கண்டுபிடிக்கும் புது முறையைத் தொடங்கி வைத்துவிட்டுப் போகிறார். போகி அன்றைக்குத் தொடங்கி வைக்கிறார். வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்க, தணிகாசலம் தேடிப் பிடித்து வைத்த நாள் போகி. நான் சொல்லவில்லை, நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை. தேதி அச்சடித்த கார்டு மேஜைக்கு வந்தபோது கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. அப்புறம் வந்து, போகிக்கு நான் டூட்டி பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் என்னைத் தெய்வம் என்றார்கள். போகி என்றால் எல்லாரும் ஊருக்கு ஓடிவிடுகிற ஆபீசில் ஒருத்தி தானாக டூட்டி கேட்டால் தெய்வம்தான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் வடக்கே அடிவானம் முழுக்க அங்கங்கே சிவப்புப் புள்ளி. பாய், பழைய முறம், கிழிந்த தலையணை, டயர். டயர் எரிக்கக்கூடாது என்று வருஷா வருஷம் ஆட்டோ வைத்துச் சொல்லிக்கொண்டு போவார்கள், அந்த ஆட்டோ போன பிறகு எரிப்பார்கள். தரைக்காற்று அந்தப் புகையை மெல்லத் துறைமுகத்துக்கு மேலே தள்ளி, கடல் வாய்க்காலுக்கு மேலே கொண்டுபோய் விரிக்கிறது. கடலில் ஈரம் காத்திருக்கிறது. ஒவ்வொரு புகைத்தூளும் எனக்கொரு துளி, எனக்கொரு துளி என்று அந்த ஈரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். துளி சிறுத்துவிடும், எண்ணிக்கை பெருத்துவிடும். மனிதக் கண்ணை மறைக்க அது தாராளமாகப் போதும். ரேடாருக்குத் தெரிய அது போதவே போதாது. சாதாரணப் பனி விழுந்தால் இந்தத் திரை மங்கலாகவாவது முனகும், போகிப் பனிக்கு அது வாயே திறக்காது. எதிரில் இருக்கிற ஆள் தெரியாது, பலகை பச்சையாக இருக்கும். இது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வருஷமாக இதை நான் யாருக்கும் சொல்லாமல் அடைகாத்தேன். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும்போது நினைத்துக்கொள்வேன். வாய் முழுக்கப் பேஸ்ட்டோடு கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை.

ஏன் எனக்குத் தெரியும் என்றால், அந்த முறையே என்னுடையது. நகராததை எல்லாம் ரேடார் குப்பை என்று தள்ளிவிடும். மலை, கட்டடம், கரண்ட் கம்பம் எல்லாம் திரையை அடைத்துக்கொள்ளக் கூடாதே, அதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். மூடுபனியும் நகராது, வந்தால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் பனியையும் இது குப்பையோடு சேர்த்துத்தானே கொட்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரு மத்தியானம், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. கையைக்கூடக் கழுவவில்லை. அன்றிலிருந்து மூன்று பனிக்காலம் அந்தக் குப்பையைக் கிளறினேன். எது பனி, எது பனியில்லை என்று ரேடாருக்குக் கற்றுக்கொடுக்க யாராவது கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். விடிய நாலு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய், தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு, அரைமணிக்கு ஒருதரம் வாய்க்காலின் மிதவை விளக்குகளை எண்ணுவேன். மொத்தம் ஆறு. ஆறும் தெரிந்தால் ஆறு, நாலு தெரிந்தால் நாலு, ஒன்றும் தெரியாவிட்டால் சுழி. நூற்றிநாற்பது நாள் எழுதினேன். தணிகாசலம் தலைமைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, "குணா, நீ எழுதினா இத யாரும்மா திறந்து பாப்பாங்க? என் பேர முன்னால போட்டா கதவு தானா திறக்கும்" என்றார். முன்னால்தானே என்று நினைத்தேன், பின்னால் என் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். அச்சாகி வந்தபோது பின்னாலும் இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தது. ஜீப் டிரைவருக்கு அடுத்ததாக, குறிப்பெடுக்க உதவிய டி. குணசுந்தரிக்கு. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே. அவருக்கு விருது கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள். அடுத்த நாள் என் மேஜைக்கு வந்து அரைக்கிலோ மைசூர்பாகு வைத்தார். நானும் "தாங்க்ஸ் சார்" என்று சொன்னேன். சொன்ன வாயை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவள், "அந்த ஸ்வீட்ட அவன் மூஞ்சிலயே விட்டெறியாம வாங்கிக்கினா வந்த?" என்று கேட்டாள். வாங்கிக்கொண்டுதான் வந்தேன், அவளும் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

அம்மா போன பொங்கலுக்கு முந்தின ஐப்பசியில் போனாள். அதனால்தான் போன வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. சொந்த ஊர் சோளிங்கருக்குப் போய் யாரோடு உட்காருவது என்று, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் போகிக்கு இங்கேயே டூட்டி பார்த்தேன். அன்றைக்கு மாடிக்கு ஏறினால் கைப்பிடிச் சுவர்கூடத் தெரியவில்லை. கீழே வந்து திரையைப் பார்த்தால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மறுபடி மேலே போனேன், மறுபடி கீழே வந்தேன். என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நூற்றிநாற்பது நாளில் ஒரு போகிகூட இல்லை. மூன்று வருஷமும் போகிக்கு முதல் நாள் சாயங்காலமே பஸ் ஏறியிருக்கிறேன். நான் மட்டுமா, இந்தக் கட்டடத்தில் வாட்ச்மேனைத் தவிர ஒரு ஜீவன் இருந்ததில்லை. கடலோரத்தில் வருஷத்திலேயே மிக மோசமான மூடுபனி விழுகிற காலையை ஒருவரும் பார்க்காமல் கரும்பும் மஞ்சளும் வாங்கப் போயிருக்கிறோம். முதலில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது, இவ்வளவு பெரிய ஓட்டையா என்று. அப்புறம்தான் உறைத்தது, ஓட்டை இப்போது என்னுடையது இல்லை. பெயர் யாருடையதோ ஓட்டையும் அவருடையது. அம்மா செத்துப் போய்க் கொடுத்த சீர் என்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எனக்கு நிற்கத் தெரியும், விடிய விடிய மாடியில் நின்றவள்தானே நான்.

நினைத்தது என்ன? ஒன்றும் பெரிதில்லை. காரைக்குடிக்காரர் பொத்தானை அமுக்குவார், பலகை பச்சை காட்டும், எல்லாரும் கைதட்டுவார்கள். கைதட்டிவிட்டுக் கடலைப் பார்க்கலாம் என்று பால்கனிக்கு வந்தால் கடலே இருக்காது. அவர் திரும்பிப் பலகையைப் பார்ப்பார், பிறகு தணிகாசலத்தைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வை போதும் எனக்கு. அதற்குத்தான் ஒரு வருஷம். ஆறு பத்துக்கு மோசஸ் போன் செய்யாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பேன். மோசஸ் அங்கே கட்டுப்பாட்டு அறையில் கப்பல்களுக்கு வழி சொல்கிற ஆள், நல்ல மனுஷன், எந்தப் பண்டிகைக்கும் வாழ்த்துச் சொல்ல மறக்கமாட்டான். "மேடம், ஹேப்பி போகி. இங்க ஒரே பொகை, கண்ணு எரியுது, ஜன்னலுக்கு அந்தாண்ட ஒண்ணுமே தெரியல. நல்லவேள போர்டு கீது. ஆறே முக்காலுக்குக் கப்பல உள்ள இட்டாறோம். வந்திருக்கிற பெரியவருக்குக் காட்டணும்னு சார் சொல்லிட்டாரு" என்றான். கப்பலா? என்ன கப்பல்? கார்டில் கப்பல் இல்லையே. "நெலக்கரிக் கப்பல் மேடம், எரநூத்து முப்பது மீட்டரு. பைலட்டு ஏறிட்டாரு" என்றான். நான் "சரி" என்றேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சரி என்றால் என்ன, அவன் தகவல் சொன்னான், நான் கேட்டுக்கொண்டேன். என்னையா யோசனை கேட்டான்? என் வேலை ரேடார் ஓடுகிறதா என்று பார்ப்பது, ஓடுகிறது. ஆறு பதினைந்து. மாடிக்கு ஏறிப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான் தெற்கே இருக்கிறேன், இந்த வருஷக் காற்றுக்குப் புகை இங்கே அவ்வளவு இல்லை, பக்கவாட்டில் வாய்க்கால் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தையும் ஆறையும் காணோம். நாலு ஒன்றும் மோசமில்லை. நாலில் எத்தனையோ கப்பல் வந்திருக்கிறது. அந்த பைலட் சின்னப் பிள்ளையா, இருபது வருஷமாக வெளியே நிற்கிற கப்பலில் ஏறித் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து கட்டுகிறவர். கப்பலிலும் ரேடார் இருக்கிறது. இருக்கிறது, அது இரும்பைப் பார்க்கும். ஃபைபர் படகைச் சரியாகப் பார்க்காது. இது எனக்கு ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்? நாளைக்குப் பொங்கல், நாளன்றைக்கு மாட்டுப் பொங்கல், யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், அதனால் போகிக் காலை மீனுக்குக் கிராக்கி. இருக்கிற படகெல்லாம் போயிருக்கும். இருக்கிற படகெல்லாம் ஏழு மணி ஏலத்துக்குள் வாய்க்கால் வாயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பும். வெட்டக்கூடாது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், யார் சுற்றுகிறார்கள்? ஒரு படகுக்கு இரண்டு பேர், மூன்று பேர். விளக்கு கிடையாது, யாராவது ஒருவர் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடலோடு பிறந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா? கப்பல் சத்தம் கேட்காதா? கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. பனிக்குள் சத்தம் நாலு பக்கமும் இருந்து வரும், மாடியில் நின்று எத்தனையோ நாள் ஏமாந்திருக்கிறேன். அந்தக் கப்பல் நிற்க வேண்டும் என்று நினைத்தால்கூட நிற்க இரண்டு கிலோமீட்டர் வேண்டும்.

போன் பக்கத்திலேயே இருக்கிறது. எடுத்து, மோசஸ், பனி இறங்கிவிட்டது, கப்பலை நிறுத்து என்று சொன்னால் முடிந்தது. என்ன முடிந்தது? தணிகாசலம் அடுத்த நிமிஷம் மைக்கைப் பிடிப்பார். பாருங்கள் சார், எங்கள் ஏற்பாட்டில் ஒரு மனிதக் காவலும் உண்டு, ரேடார் நிலையத்திலிருந்து உடனே எச்சரிக்கை வந்துவிட்டது, இதுதான் எங்கள் முறையின் சிறப்பு என்பார். எனக்கு அவரைத் தெரியும். அதற்கும் கைதட்டுவார்கள். பொங்கல் முடிந்து வந்தால் மேஜையில் மைசூர்பாகு இருக்கும், இந்தத் தடவை ஒரு கிலோ. என் கையாலேயே அவரைக் காப்பாற்றிக் கரையேற்றி விடுவேன். அதற்கா ஒரு வருஷம்? வயிறு எரிகிறது. இல்லை, எரியவில்லை, காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டுத்தான் வந்தேன், நன்றாகப் பசித்துத் தின்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன? ஒருவேளை காற்று திரும்பினால் புகை கலைந்துவிடும். ஒருவேளை படகெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டிருக்கும். ஒருவேளை கப்பல் தாமதமாகும், இந்த ஊரில் எது நேரத்துக்கு நடந்திருக்கிறது? ஒருவேளை, ஒருவேளை என்று நூறு ஒருவேளை. ஆறு இருபத்தைந்து. மறுபடி மாடி. ஒன்று, இரண்டு. மூன்றாவது இருக்கிறதா இல்லையா? கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் இருக்கிறது, கசக்காமல் பார்த்தால் இல்லை. அதற்கு அப்பால் கடல் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. அங்கிருந்து டுடுடுடு என்று படகு மோட்டார் சத்தம், ஒன்றா நாலா தெரியவில்லை. யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரிப்பதுகூடக் கேட்கிறது. சிரிக்கிறார்கள், மீன் நன்றாகக் கிடைத்திருக்கும். பாவிகளா, இன்றைக்கென்றா கிடைக்க வேண்டும்?

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பயம். படகில் இருக்கிறவர்களுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். நாளைக்கு விசாரணை என்று வரும், அன்று டூட்டியில் யார் என்று கேட்பார்கள். அவளாகக் கேட்டு வாங்கிய டூட்டி என்பார்கள். போன வருஷப் போகிக்கும் இவளேதான் என்பார்கள். ஆறு பத்துக்கு மோசஸிடம் சரி என்று சொன்ன குரலைப் போட்டுக் காட்டுவார்கள், அந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். அது மட்டும்தானா? இல்லை. பெயர் தெரியாத இரண்டு பேர், தலையில் துண்டு கட்டிக்கொண்டு வலையை உதறிக்கொண்டு வருகிறார்கள், திடீரென்று பனிக்குள்ளிருந்து ஒரு இரும்புச் சுவர். அந்த நேரத்தில் அவர்கள் யாரைப் பார்ப்பார்கள்? தணிகாசலத்தையா பார்ப்பார்கள்? அவரை அவர்களுக்குத் தெரியாது, என்னையும் தெரியாது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன், சாகிற வரைக்கும் பல் தேய்க்கும்போது அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படியானால் போனை எடு. எடுத்தால் அவர் தப்பித்துவிடுவார். எடுக்காவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். எடுத்தால் அவர், எடுக்காவிட்டால் அவர்கள். செக்கு மாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றுகிறேன், மணி ஆறு இருபத்தொன்பது. அப்போதுதான், இதோ இந்தப் படியில் இருந்து எழுந்திருக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. நிறுத்து என்று மட்டும் சொன்னால்தானே அவர் தப்பிப்பார்? ஏன் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னால்? ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஓட்டை எங்கே என்று சொல்ல வேண்டும். ஓட்டை எங்கே என்று சொன்னால் அதை யார் விட்டார்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என் மானமும் போகும், போகட்டும். இறங்கி ஓடினேன், செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது.

"மோசஸ், குணசுந்தரி பேசறேன். கப்பல நிறுத்துங்க. வாய்க்கால் வாய் மொத்தமும் பனி." "மேடம், போர்டு பச்சையா கீதே?" "போர்டு பாக்கல மோசஸ், நான் கண்ணால பாத்தேன். மூணாவது மிதவைக்கு அந்தப் பக்கம் சுழி. குறுக்க படகு வருது. மொதல்ல நிறுத்துங்க, அப்புறம் என்னத் திட்டுங்க." அப்புறம் அவன் ரேடியோவில் பைலட்டைக் கூப்பிடுகிற சத்தம், உள்ளே வர வேண்டாம், வெளியிலேயே நிற்கவும், வெளியிலேயே நிற்கவும் என்று இரண்டு தடவை. பைலட் கரகரவென்று ஏதோ சொன்னார். "வாய்க்காலுக்குள்ள மூக்க வெக்கல மேடம், திருப்பிட்டாரு" என்றான் மோசஸ். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். போனில் அவனுக்குப் பின்னால் யாரோ என்ன, என்ன என்று கேட்கிறார்கள். மோசஸ் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், அறையின் எதிரொலி கேட்டது.

"குணா, என்னம்மா இது?" தணிகாசலம்தான், தேன் தடவிய குரல். "பெரியவர் பக்கத்துலயே நிக்கறார். போர்டுல ஒண்ணும் இல்லையே." "போகிப் பனி போர்டுல வராது சார்." "வராதா? யார் சொன்னது? நூத்திநாப்பது நாள் பாத்துத்தானே முடிவுக்கு வந்திருக்கோம்?" "அந்த நூத்திநாப்பதுல ஒரு போகிகூட இல்ல சார். மூணு வருஷமும் போகிக்கு நான் ஊருக்குப் போயிட்டேன். அந்த நாளெல்லாம் மாடில நின்னு விளக்கு எண்ண யாரும் இல்ல." அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். புதுக் குரல் ஒன்று, நிதானமாக, செட்டிநாட்டு இழுப்போடு கேட்டது. "நீங்க ஊருக்குப் போனா என்ன, டாக்டர் எண்ணியிருப்பாருல்ல? அவர் ஆராய்ச்சிதானே இது?" தணிகாசலம் பேச ஆரம்பித்தார், தேன் முழுக்க வற்றிவிட்டது. "சார், ஒரு நிமிஷம், இத நீங்க சரியாப் புரிஞ்சுக்கணும். இத நான் செய்யல சார். மாடில நின்னது, எண்ணினது, கணக்குப் போட்டது, எழுதினது எல்லாமே இவங்கதான், மொதல்லேர்ந்து கடைசிவரைக்கும் இவங்க ஒருத்தர்தான். நான் பேர் மட்டுந்தான் போட்டேன். இவங்க இப்படி ஒரு தப்பு பண்ணி வெச்சிருப்பாங்கன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று மூச்சுவிடாமல், அத்தனை பேர் முன்னால், அவரே சொன்னார்.

"அப்படியாம்மா?" என்று கேட்டார் காரைக்குடிக்காரர். "எல்லாம் நீங்கதானா?" நாளைக்கு மெமோ வரும், விசாரணை வரும், சம்பள உயர்வு நிற்கும், பத்தொன்பது வருஷத்தில் பெயர் கெட்டதில்லை, இனி கெடும். "ஆமா சார்" என்றேன். "தப்பும் நான்தான் பண்ணேன்." அந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதால் இன்னொரு தடவை, நிறுத்தி நிதானமாக, இனிஷியலோடு என் பெயரைச் சொன்னேன்.